முதலாளியம்மா வாய் திறக்கவில்லை

1

இந்தக் கதைக்குப் படம்தான் முதலில் வந்தது.

வாரப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர்கள் யாரும் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். நான் சொல்லிவிடுகிறேன். ஓவியர் நீண்ட விடுமுறையில் போகிறார். போவதற்கு முன் கையில் வந்தபடி சில படங்களை வரைந்து கொடுத்துவிட்டார். "படம் ரெடி, கதைதான் பாக்கி" என்று ஆசிரியர் போன் செய்தார். சட்டையைத் தைத்தாயிற்று, உள்ளே போட ஓர் ஆள்தான் வேண்டும் என்பது போல.

படத்தில் ஒரு சாப்பாட்டு மேஜை. ஒரு பெண் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு ஆண், வலது கையை உயரத் தூக்கியபடி நிற்கிறான். அவ்வளவுதான்.

"அவன் அடிக்கப் போறான், அவ அழறா. குடும்பக் கதை. படிக்கிறவங்களுக்குத் தொண்டை அடைக்கணும்" என்றார் ஆசிரியர். "திங்கக்கிழமை மத்தியானம் அச்சுக்குப் போயிடும்."

"எப்படி முடியணும் சார்?"

"அதையும் நானே சொல்லணுமா? எப்பவும் போல முடிங்க."

எப்பவும் போல என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக வாயைத் திறந்து வாங்கிக்கொண்டவர் நீங்கள்தானே.

2

"மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், அவன் கை ஓங்கியபோது அவள் கண்களில்

(நிறுத்திவிட்டேன். கண்களில் என்ன? படத்தில் கண்ணே தெரியவில்லை.)

"அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அது

(அது என்னவென்று நான் யோசிப்பதற்குள் என் முழங்கை மேல் பூசணிக்காய் விழுந்தது.)

பூசணிக்காய் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள். அதனால் தம்பி வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த முனையில் நான், லேப்டாப், ஓவியரின் படம். அந்த முனையில், உயரமான குட்டி நாற்காலியில், தம்பியின் மகள். வீட்டில் அவளை முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். நாங்கள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். அவள் ஒரு சத்தம் போட்டால் மூன்று பெரியவர்கள் எழுந்து ஓடுவோம். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது?

முதலாளியம்மாவுக்கு ஆறு மாதம் தாண்டிவிட்டது. கீழே ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. ஆனால் இதுவரை தாய்ப்பாலைத் தவிர எதையும் விழுங்கியதில்லை. அதே பாலை எடுத்துப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாலும் ரப்பரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தார்கள். உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆப்பிளை வேகவைத்துக் கொடுத்தார்கள். நாக்காலேயே வெளியே தள்ளினாள். கேரட்டுக்குத் தும்மினாள். அந்தத் தும்மலுக்குப் பிறகு, என் வீட்டுக்கு வரும் பெயின்டரை இங்கேயும் கூப்பிட வேண்டியதாயிற்று. (மிகை. ஈரத்துணியால் துடைத்தோம்.)

பூசணிக்காயை ஸ்பூனோடு சேர்த்துத் தட்டிவிட்டாள்.

துடைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். ஒரு சாப்பாட்டு மேஜை. ஒரு பெண். ஒரு ஆண். கதையை எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். அது என் முழங்கையிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

(படத்தில் குழந்தை இல்லையே என்பீர்கள். குட்டி நாற்காலி படத்தின் வலது ஓரத்துக்கு வெளியே இருக்கிறது. ஓவியருக்குக் காகிதம் போதவில்லை. அப்படி வைத்துக்கொள்வோம்.)

3

"இதைக் கதையா எழுதட்டுமா?" என்று தம்பி மனைவியைக் கேட்டேன்.

அவள் தரையில் கிடந்த ஸ்பூனை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "எதை அண்ணி?"

"இதைத்தான். இவ சாப்பிட மாட்டேங்கிறதை."

"இதுல என்ன கதை? உங்க கதைன்னா யாராவது யாருக்காவது குழி தோண்டணுமே. போன வாரம்கூட நாத்தனார்காரி மாடிப்படியில எண்ணெய் ஊத்தினாளே."

"வாசகர்கள் கேக்கறாங்கம்மா."

"நானும் வாசகிதான். நான் கேக்கலையே." ஸ்பூனை உதறினாள். "சரி, எழுதுங்க. ஒரே ஒரு விஷயம். கதையில நான் அழக் கூடாது."

ஓவியரின் படத்தை மெல்ல லேப்டாப்புக்கு அடியில் தள்ளினேன்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: என் தொடர்கதைகளில் நாத்தனார்கள் எல்லோரும் கெட்டவர்கள். நானும் ஒரு நாத்தனார்தான். இதைச் சுட்டிக்காட்டி இதுவரை ஒரு வாசகர் கடிதம்கூட வந்ததில்லை. இந்த வீட்டில் மட்டும் எண்ணெய் பாட்டிலை நான் தொட்டால் யாராவது இருமுகிறார்கள்.

4

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று சொல்ல வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

கட்டடம் கட்டுகிற இடங்களில் ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு ஒரு கிரேன் வானத்தில் நிற்குமே, அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் உள்ளே ஓர் ஆள் தெரியும். அந்த ஆள்தான் என் தம்பி மனைவி. கம்பிக் கட்டுகளையும் கான்கிரீட் வாளிகளையும் தூக்கி, பூனை குட்டியைக் கவ்விக் கொண்டுபோய் வைக்கிற மாதிரி வைப்பாள். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாள். மத்தியான இடைவேளையில் இறங்கி ஏறினால் ஏணியிலேயே இடைவேளை முடிந்துவிடும். அதனால் சாப்பாடும் மேலேதான்.

பிரசவ விடுப்பு முடிகிறது. திங்கட்கிழமை அவள் ஏற வேண்டும்.

"ஏறலைன்னா?" என்று கேட்டேன்.

"கூண்டு இன்னொருத்தருக்குப் போயிடும். எனக்குக் கீழ ஸ்டோர்ல ஒரு நாற்காலி குடுப்பாங்க. கையுறை, ஹெல்மெட் எடுத்துக் குடுக்கிற வேலை. வேலையில தப்பு ஒண்ணும் இல்ல அண்ணி. ஆனா கூண்டு ஒரு தடவை கை மாறினா திரும்பக் கிடைக்காது."

சமையலறை ஜன்னலில், கூரைகளுக்கு அப்பால், அந்தக் கிரேன் தீக்குச்சி அளவுக்குத் தெரிகிறது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைத்தான் பார்ப்பாள். இப்போதைக்கு யாரோ ஒரு தற்காலிக ஆள் ஓட்டுகிறார்.

"பாருங்க, எப்படித் திருப்பறான்னு. பிரேக் இல்லாத சைக்கிள் மாதிரி" என்பாள். அதில் எரிச்சலைவிட ஏக்கம்தான் அதிகம்.

காலையில் ஏறும் முன் குழந்தைக்கு ஒரு முறை பால் கொடுக்கலாம். சாயங்காலம் இறங்கி வந்து கொடுக்கலாம். நடுவில் ஒரு முழுப் பகல் இருக்கிறது. அந்தப் பகலில் முதலாளியம்மா ஏதாவது சாப்பிட வேண்டும். கதை அந்தப் பகலில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

5

"அவளுடைய கணவன் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். எந்தப் பூட்டையும் திறந்துவிடுவான், மகள் வாயைத் தவிர."

நல்ல வாக்கியம் என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தபோது, தம்பி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துவிட்டான்.

"நான் எப்பக்கா பூட்டு ரிப்பேர் பண்ணேன்?"

"கதைக்காகடா."

"என் வேலைக்கு என்ன குறைச்சல்?"

"அதை எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க."

சரி, உண்மையையே எழுதுகிறேன். நம்பாமல் போங்கள். லிஃப்டில் போகும்போது ஒரு குரல் கேட்குமே, 'கதவு திறக்கிறது', 'கதவு மூடுகிறது' என்று, அந்த மாதிரிக் குரல் கொடுப்பதுதான் என் தம்பியின் பிழைப்பு. வீட்டிலேயே துணி அலமாரிக்குள் மைக்கை வைத்து, கம்பளிகளுக்கு நடுவே குந்திக்கொண்டு பதிவு செய்வான். மனைவி தூக்குகிறாள், இவன் தூக்குவதை அறிவிக்கிறான். திங்கள் முதல் பகலில் குழந்தையோடு இருக்கப் போவது இவன்தான்.

வாழைப்பழ ஸ்பூனை மகளின் உதட்டுக்கு முன்னால் பிடித்தான். தொழில் குரலில், "கதவு திறக்கிறது" என்றான்.

முதலாளியம்மா ரசித்தாள். கதவு திறக்கவில்லை.

"மூன்றாம் தளம்" என்று ஸ்பூனை உயர்த்தினான். அவள் கூரையைப் பார்த்தாள். "தரைத் தளம்" என்று இறக்கினான். அவள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். கடைசியில் வாழைப்பழத்தை அவனே சாப்பிட்டுவிட்டு, "கதவு மூடுகிறது" என்றான்.

"வேலையை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க" என்றாள் மனைவி.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குப் பெரிய சந்தேகம். படத்தில் கை ஓங்கி நிற்பவன் இவனாகத்தான் இருக்க வேண்டும். இவனோ கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்கிறவன். ஆசிரியருக்குப் போன் போட்டு, "கணவன் அடிக்கலைன்னா பரவாயில்லையா சார்?" என்றேன். "அப்ப கை எதுக்கு மேல போச்சு?" என்றார். போனை வைத்துவிட்டேன்.)

6

(இந்த இடத்தில் விளம்பரம் வரும். தலைவலித் தைலம் என்று நினைக்கிறேன். பொருத்தம்தான்.)

7

ஞாயிற்றுக்கிழமை. இங்கே கொஞ்சம் சிரிப்பைக் குறைத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையிலிருந்து மூவரும் மாறி மாறி முயன்றோம். நான் பாடினேன். தம்பி எல்லாத் தளங்களையும் அறிவித்தான். அவன் அறிவிப்புக்கு முதலாளியம்மா வாய் விட்டுச் சிரித்த நேரம் பார்த்து, அவள் அம்மா சட்டென்று ஸ்பூனை உள்ளே வைத்துவிட்டாள்.

குழந்தை குமட்டியது. முகம் சிவந்து வீறிட்டது. அதன் பிறகு ஸ்பூனைத் தூரத்தில் பார்த்தாலே அழுகை. சமாதானப்படுத்தப் பால் கொடுக்கலாம் என்று மடியில் போட்டுக்கொண்டால், அதற்கும் தலையைத் திருப்பிக்கொண்டது. ஒரு வாய் வாழைப்பழத்துக்காகப் போய், இருந்ததும் போய்விடுமோ என்று மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தம்பி மனைவி அழவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். ஞாயிறு என்பதால் கிரேன் சும்மா நின்றது.

"ஸ்டோர் வேலைக்கே வரேன்னு போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றாள்.

அறிவிக்கத் தம்பியிடம் எதுவும் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் ஒரு தொடர்கதை எழுத்தாளருக்குத் தெரிந்த ஆறுதல் ஒன்றுதான். நான் எழுதி வைத்திருந்த முடிவைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"தாய் ஸ்பூனை மேலே தூக்கினாள். 'இதோ பார், அம்மாவோட கிரேன்!' ஸ்பூன் ஆகாயத்தில் வட்டமடித்தது. விர்ரென்று கீழே பாய்ந்தது. குழந்தை ஏமாந்து வாய் திறந்த அந்தக் கணத்தில்

"நிறுத்துங்க அண்ணி."

"நல்லா இல்லையா?"

"கிரேன் எங்கயாவது வட்டமடிக்குமா? அது என்ன பருந்தா? விர்ருன்னு பாய்ஞ்சா கீழ நிக்கிறவன் என்ன ஆவான்?" உண்மையான கோபம். ஸ்டோர், போன் எல்லாம் மறந்துவிட்டது. "முதல்ல சொல்லுங்க, யார் சிக்னல் குடுத்தா?"

"என்ன சிக்னல்?"

"கீழ ஒருத்தர் நின்னு கை காட்டுவாரு. அவர் காட்டாம நான் விரலை அசைக்க மாட்டேன். கட்டடம் மறைச்சுடுச்சுன்னா எனக்குக் கீழ எதுவுமே தெரியாது. வாக்கி டாக்கியில அவர் குரல் மட்டும்தான். அந்தக் குரலை நம்பித்தான் இறக்குவேன். தூக்கு, இறக்குன்னு அவர் ஒருத்தர்தான் சொல்லலாம். ஆனா நிறுத்துன்னு மட்டும் யார் வேணா காட்டலாம். இப்படி." வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை எங்களுக்குக் காட்டினாள். "அங்க பெருக்கறவங்க காட்டினாலும் நான் நிறுத்தணும். டீ கொண்டு வர்றவர் காட்டினாலும் நிறுத்தணும். ஏன், எதுக்குன்னு அப்புறம்தான் கேக்கணும். முதல்ல..."

பேச்சு நின்றது. மகளைப் பார்த்தாள். குழந்தை இன்னமும் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, உதட்டை இறுக்கி, குட்டிக் கையை விரித்து முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

"காலையிலேருந்து காட்டிக்கிட்டே இருக்கா" என்றாள். "நான் இறக்கிக்கிட்டே இருக்கேன்."

(எழுதுகிறவரைவிடப் பாத்திரம் புத்திசாலியாவது கதைக்கு நல்லது, எழுதுகிறவருக்கு நல்லதல்ல. 'ஏமாந்து வாய் திறந்த' என்ற வரியை அடித்துவிட்டேன். அழிக்கவில்லை. இருக்கட்டும், நீங்கள் பார்க்க வேண்டும்.)

8

தம்பி மனைவி ஸ்பூனை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். உருளைக்கிழங்கைக் குழைய வேகவைத்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, ஆறவைத்து, குழந்தையின் தட்டில் நாலைந்து துண்டுகளைப் போட்டாள்.

"இனிமே சிக்னல் அவ குடுக்கட்டும். நாம நம்ம சாப்பாட்டைச் சாப்பிடுவோம். யாரும் அவ வாயைப் பாக்கக் கூடாது."

ஒருத்தர் வாயைப் பார்க்காமல் சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தம்பி உப்பு டப்பாவைப் படித்தான். நான் கூரையை மென்றேன். முதலாளியம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு துண்டைத் தொட்டாள். கையை எடுத்துவிட்டாள். அதை மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள். கீழே விழுந்ததும் அது போன இடத்தை எட்டிப் பார்த்தாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. நாளைக்குக் கதை அச்சுக்குப் போகிறது! ஸ்பூனை எடுத்தேன், கொஞ்சம் கிழங்கை மசித்தேன், "அத்தை கையால ஒரே ஒரு வாய்டா தங்கம்" என்று

குழந்தை முகத்தைத் திருப்பியது.

தம்பி எழுந்து நின்றான். வலது கையை உயரத் தூக்கினான், உள்ளங்கை என்னைப் பார்க்க. அலமாரிக்குள்ளிருந்து வரும் அதே குரலில் சொன்னான்:

"நிறுத்தவும். அதிக எடை. தயவுசெய்து ஒருவர் வெளியேறவும்."

தம்பி மனைவி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

நான் ஸ்பூனோடு அப்படியே உறைந்துபோனேன். சாப்பாட்டு மேஜை. முகத்தை மூடிய பெண். கை ஓங்கிய ஆண். குழந்தை வலது ஓரத்துக்கு வெளியே. லேப்டாப்புக்கு அடியிலிருந்து படத்தை உருவி எடுத்து மேஜை மேல் போட்டேன்.

தம்பி கையை இறக்காமலேயே குனிந்து பார்த்தான். "என்னக்கா, இதுல நான் உன்னை அடிக்கப் போற மாதிரி இருக்கு."

"என்னை இல்லடா, இவளை."

"இவளையா? அடிச்சுட்டு நான் எங்க போய்ப் படுக்கறது?"

"நான் அழல அண்ணி" என்று விரல் இடுக்கு வழியாக ஒரு குரல். "எழுதிக்குங்க. சிரிக்கிறேன்."

எழுதிக்கொண்டேன். (கையை எடுத்தபோது கண் ஈரமாகத்தான் இருந்தது. சிரித்தாலும் ஈரமாகும். வாக்குக் கொடுத்திருக்கிறேன், இதற்கு மேல் கேட்காதீர்கள்.)

பிறகு அவள் தம்பியைப் பார்த்துச் சொன்னது, கதையில் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கப் போவது: "நாளைக்கு நான் ஏறறேன். கீழ நீங்க நிக்கறீங்க. எனக்கு இங்க எதுவும் தெரியாது, உங்க குரல்தான். மத்தியான இடைவேளையில போன் பண்ணுவேன். அவ கையை ஒழுங்காப் பாத்து உள்ளதைச் சொல்லுங்க. நிறுத்துன்னா நான் இறங்கி வந்துடுவேன். கூண்டு போனா போகட்டும்."

"சாப்பிட்டாச்சுன்னு நான் பொய் சொல்லிட்டேன்னா?"

"நீங்களா? கதவு மூடும்போது திறக்குதுன்னு சொல்லுவீங்களா?"

அவன் கையை இறக்கி, நிமிர்ந்து உட்கார்ந்தான்.

9

திங்கள் மத்தியானம். முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

முதலாவது, எப்பவும் போல: குழந்தை சாப்பிடுகிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். ஜன்னலில் கிரேன் மெல்லத் திரும்பி வணக்கம் சொல்கிறது. ஆசிரியர் மகிழ்வார்.

இரண்டாவது, தொண்டை அடைப்பு: "நிறுத்து" என்கிறான் கணவன். தூரத்தில் ஒரு புள்ளி ஏணியில் இறங்குகிறது. பாதி ஏணியில் நின்று ஒரு முறை மேலே பார்க்

(தைலம் விற்கும். வேண்டாம்.)

மூன்றாவது, நாத்தனார் முடிவு: தம்பி கை கழுவப் போயிருக்கிறான், அவன் போன் என் போனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'சாப்பிட்டாச்சு' என்று ஒரு வார்த்தையை நானே அனுப்பிவிடலாம். கூண்டும் நிலைக்கும், கதையும் முடியும். யோசிக்காமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். போனைத் தொட்டேன். குளியலறையிலிருந்து தம்பி இருமினான். நான் என்ன எண்ணெய் பாட்டிலையா தொட்டேன்?

இப்போது உள்ளது உள்ளபடி: தம்பி திரும்பி வந்து நிற்கிறான். முதலாளியம்மாவின் மூடிய கைக்குள் ஒரு துண்டு உருளைக்கிழங்கு. பாதி விரல் இடுக்கில் பிதுங்கி முழங்கை வரை வழிகிறது. மீதி உள்ளே பத்திரமாக இருக்கிறது. கை தட்டை விட்டு எழும்பிவிட்டது. மேலே வருகிறது. மார்பு. கழுத்து. மோவாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. அவள் கிழங்கைப் பார்க்கிறாள். பிறகு தன் அப்பாவைப் பார்க்கிறாள். ஜன்னலில் கிரேன் அசையாமல் நிற்கிறது, இடைவேளை. இரண்டு போன்களில் ஒன்று அடிக்கிறது. அது கூண்டா, ஆசிரியரா என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பியின் கை அந்தரத்தில் இருக்கிறது. உள்ளங்கை இன்னும் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

ஒரு விஷயம் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்கிறேன். இத்தனை வருஷமாக நான் முடிவுகளை மசித்து, சர்க்கரை கலந்து, விர்ரென்று ஓட்டிவந்து உங்கள் வாயில் வைத்திருக்கிறேன். நீங்கள் முகத்தைத் திருப்பினாலும் பாட்டுப் பாடி ஏமாற்றியிருக்கிறேன். அதெல்லாம் போதும். ஸ்பூனை மேஜை நடுவில் வைத்துவிட்டேன். முடிவு உங்கள் தட்டில் இருக்கிறது, கையால் எடுக்கிற மாதிரி நறுக்கி, ஆறவைத்து. எடுங்கள், பிசையுங்கள், கீழே போட்டு அது போன இடத்தை எட்டிப் பாருங்கள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். யாராவது வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் பிடிக்காது.